இடது பக்கத்து வயர்

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. நான் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அக்கா, வயரே இல்லாத ஸ்பீக்கரெல்லாம் வந்துட்டு. ஆனாலும் பெரிய வீட்டுக்காரங்க சுவத்துக்குள்ளதான் வயர் போடணுங்காங்க. எந்த வயர் எடுக்கணும், எப்படி இழுக்கணும்னு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள். சரி என்று உட்கார்ந்தேன். வயர் விஷயம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் காயல்பட்டினத்து வீடுதான் வருகிறது. எட்டு வருடமாகியும் அந்த வேலையில் எனக்கு நடந்தது என்ன, நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் பிடிபடவில்லை. குழம்பிப்போன ஒருத்தி எழுதுவது இது என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

என் பெயர் அமலோற்பவம். பிறந்தது புன்னைக்காயல், வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி. கடையில் பில் போடச் சேர்ந்தேன். பக்கத்து மேசையில் மிக்ஸி ரிப்பேர் நடக்கும். பார்த்துப் பார்த்து ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். பத்து வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஊரெல்லாம் ஹோம் தியேட்டர் மோகம் வந்தது. காயல்பட்டினத்திலிருந்து ஆர்டர் வந்தால் கூடவே ஒரு வார்த்தையும் வரும்: "உள்ள பொம்பளைங்க இருப்பாங்க. பொம்பளை ஆள் இருந்தா அனுப்புங்க." கடையில் பொம்பளை ஆள் நான் ஒருத்திதான். சுத்தியலும் டெஸ்டருமாக என்னைக் கிளப்பிவிட்டார்கள்.

கிளப்பிவிட்டவர் சுடலைமுத்து அண்ணாச்சி, எங்கள் தலைமை டெக்னீஷியன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண நாளில் "ஏளா அமலி, இங்கன வா" என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "அமலோற்பவம், வாங்க, உக்காருங்க" என்று அவர் சொன்னால் கடையே கப்சிப்பாகிவிடும். முப்பது வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்த 'வாங்க'வுக்கு நான் பயந்த மாதிரி என் மாமியாருக்குக்கூடப் பயந்ததில்லை.

அண்ணாச்சி வயர் வாங்குகிற விதம் இது. சுருளை முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். கனம் இல்லையென்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு நுனியில் நாலு இழையைப் பிரித்துப் பிளேடால் சுரண்டுவார். வெளியே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசின கள்ளச் சரக்கு. வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்புத் தெரிந்தால் அது செம்புக்கு ஈயம் பூசினது, நம் கடற்கரைக்கு அதுதான் வேண்டும். வெறும் செம்பு என்றால் உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் பச்சை பிடித்துவிடும். எனக்கு முதல் ஆறு மாதம் எது வெளியே, எது உள்ளே என்பதே குழம்பிக் கிடந்தது. பிறகு மேலுறையை ஒரு துண்டு வெட்டி நெருப்பு வைப்பார். தீக்குச்சியை எடுத்ததும் தானாக அணைய வேண்டும். அணையாமல் எரிகிற வயர் சுவருக்குள் போகக் கூடாது. தடிமனில் இன்னொரு கூத்து: கேஜ் நம்பர் குறையக் குறையக் கம்பி தடிக்கும். பக்கத்திலேயே ஸ்பீக்கர் என்றால் பதினாறு போதும், அறையைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் பதினாலு.

இழுக்கும்போது, கரண்ட் வயர் போகிற குழாயிலிருந்து ஒரு அடி தள்ளித் தனிக் குழாய். இரண்டும் குறுக்கே சந்தித்தே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரிச் சந்திக்க வேண்டும், கூடவே ஓடக் கூடாது. இரண்டு நுனியிலும் பெயர்ச்சீட்டு. சுவரைப் பூசுவதற்கு முன் ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியை வயரின் இந்த முனையில் தொட்டால் அந்த முனையில் ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் துள்ள வேண்டும். பின்னால் போனால் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. சுவருக்குள் இணைப்பு வைக்கக் கூடாது. "ஒரே கம்பி, ஒரே ஓட்டம். ஒட்டுப் போட்டா சுவத்த மூடுன பொறவு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்பார்.

அந்த விதியைத்தான் நான் மீறினேன்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குப் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். நான் சொல்கிற வீடு ருகையாவுடையது. முப்பது வயது இருக்கும், சிரித்த முகம். அவள் அம்மாவும் (அங்கே 'உம்மா') அவளும்தான் வீட்டில். மாப்பிள்ளை சாகுலுக்குத் துபாயில் ஜெனரேட்டர் ஓடுகிற ஓர் ஆலையில் வேலை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். கல்யாணம் முடித்து ஒன்பது வருடமானாலும் அந்த வீட்டில் அவர் இன்னும் புது மாப்பிள்ளைதான். அவர் 'தண்ணி' என்றால் மூன்று டம்ளர் வரும். அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. மாடி ஹாலில் ஹோம் தியேட்டர் வேண்டும் என்று அங்கிருந்தே வீடியோவில் சொன்னார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

முன் வலது ஸ்பீக்கருக்கு வயர் நேராகப் போய்விட்டது. இடது ஸ்பீக்கருக்கு ஜன்னலைச் சுற்றி, கதவு நிலைக்கு மேலே ஏறி, இறங்க வேண்டும். மூன்றடி இருக்கும்போது சுருள் தீர்ந்துவிட்டது. தூத்துக்குடிக்குப் போய் வேறு சுருள் எடுத்து வந்தால் அரை நாள் போய்விடும். கொத்தனார் சாந்தைக் குழைத்துவிட்டு, "எக்கா, இறுகிரும், சீக்கிரம்" என்று நிற்கிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை, அந்த ஊரில் வேலை நடக்காது, அதற்கடுத்த நாள் மாப்பிள்ளை வருகிறார். மாதாவே என்று சொல்லிக்கொண்டு மூன்றடித் துண்டு ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட்டு, சுவருக்குள் விட்டு மூடச் சொன்னேன். பேட்டரி வைத்துப் பார்த்தேன், கூம்பு ஒழுங்காகத் துள்ளியது. வேலைச் சீட்டில் அதை எழுதவில்லை.

மாப்பிள்ளை வந்து ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் புகார் வந்தது. "எல்லாச் சத்தமும் வலது பக்கமே வருது."

அன்றே டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே பரிசோதிக்கிற முறையைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். மாப்பிள்ளை ஹாலில் நடு நாற்காலியில் உட்காருவார். நான் அந்நியப் பெண், அவர் இருக்கிற ஹாலுக்குள் போக மாட்டேன். ஹாலை ஒட்டின சின்ன அறையில் ஆம்ப்ளிஃபையர், எங்கள் பாஷையில் ஆம்ப், இருக்கிறது, நான் அங்கே. நடுவில் கதவுத் திரை. திரைக்குப் பக்கத்தில் ருகையா நின்று, அங்கே சொல்வதை இங்கே சொல்வாள்.

நான் இடது ஸ்பீக்கரை மட்டும் போட்டேன். மழை பெய்கிற மாதிரி ஒரு சோதனைச் சத்தம் அது.

"எந்தப் பக்கம் வருதுன்னு கேளும்மா."

"வலது பக்கமாம்."

"உனக்கு எந்தப் பக்கம் கேக்குது?"

ருகையா குழம்பினாள். "எனக்கு இடது பக்கம்தான் கேக்குது அக்கா. ஆனா அவங்க வலதுங்கறாங்களே. அப்ப வலதாத்தான் இருக்கும்."

உள்ளேயிருந்து உம்மா ஓடி வந்தார்கள். "மாப்ளை சொல்லுறப்ப நீ என்னளா இடதுங்க?" என்று அவளை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "புள்ள, சரியாப் பாரு."

பார்த்தேன். ஆம்ப்பின் பின்னால் இடமும் வலமும் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. மாற்றிப் போட்டேன். "இப்பவும் வலதாம்." திரும்பவும் மாற்றினேன். "வலதுதானாம்." எனக்கே எது இடது, எது வலது என்று கையைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிட்டது. அந்த மூன்றடித் துண்டுதான் என்னவோ செய்கிறது என்று மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒட்டு விட்டுப்போனால் சத்தம் நிற்கும், பக்கம் எப்படி மாறும்? தெரியவில்லை. தப்புச் செய்தவளுக்கு எல்லாமே அந்தத் தப்பாகத்தான் தெரியும்.

அன்று கிளம்பும்போது ருகையா வாசல் வரை வந்தாள். "அக்கா, எப்படியாவது சரி பண்ணிருங்க. இது ஒண்ணாவது அவங்க மனசுபோல இருக்கட்டும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. என்னம்மா என்றேன். "அங்கேர்ந்து வந்ததுலேர்ந்து எங்கூடச் சரியாப் பேச மாட்டேங்காங்க. சாப்பிடயில பக்கத்துல உக்காந்து மெதுவா என்னமாச்சும் கேப்பேன். பதிலே வராது. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அங்க வேற யாரும்..." என்று நிறுத்திவிட்டாள். களைப்பாயிருக்கும் என்றேன். எனக்கே அது பொய்யாகப் பட்டது.

இரண்டாம் முறை அண்ணாச்சியே வந்தார். அவர் ஆண்பிள்ளை, ஹாலுக்குள் போகலாம். மாப்பிள்ளை எழுந்து இடம் கொடுக்க, அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். நான் இடதைப் போட்டேன். அண்ணாச்சி தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, ரகசியமாக, "ஏளா, எனக்கு இடதுதான் கேக்கு" என்றார்.

"அப்ப அவர்கிட்டச் சொல்லுங்களேன் அண்ணாச்சி."

"என்னன்னு? உங்களுக்குத் தப்பாக் கேக்குன்னா? மாப்பிள்ளை முகத்துல அடிச்ச மாதிரி? ஒருவேளை எனக்குத்தான் வயசாயி காது மந்தமாயிட்டோ என்னவோ."

இப்படித்தான் அந்த வீட்டில் ஒவ்வொருவராகத் தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் காதைச் சந்தேகப்பட ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் வாய் வராது. அதைவிடச் சுவரை உடைப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. புதுப் பெயிண்ட் அடித்த சுவர். உம்மாவே, "ஒடைங்க வாப்பா, மாப்ளைய விடச் சுவரா பெருசு?" என்றார்கள்.

உடைத்தார்கள். கதவு நிலைக்கு மேலே என் ஒட்டு வெளியே வந்தது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்து, உறையைக் கீறி, இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பற்றவைத்தது நல்ல வேலைதான். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அமலோற்பவம், இது நீங்க போட்டதா?"

ஆமாம் என்றேன்.

"சரிங்க. ஒரே கம்பியா மாத்தி இழுங்க."

இழுத்தேன். அழுதுகொண்டே இழுத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. குற்றம் கண்டுபிடித்தாகிவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்று எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. எனக்குக்கூட, அவமானத்துக்கு நடுவில், அப்பாடா என்றிருந்தது. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். இடதைப் போட்டேன். திரைக்கு அப்புறமிருந்து ருகையாவின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"வலது பக்கமாம் அக்கா."

அண்ணாச்சி சாமான்களைப் பையில் போட்டார். வேனில் ஏறும் முன் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு நீங்க ஒருத்தரே வந்து முடிச்சுத் தாங்க. முடியலன்னா, இனிமே வெளி வேலை வேண்டாம். கவுண்டர்லயே இருந்துக்கிடுங்க." ஒரு வார்த்தைகூடக் கடுமை இல்லை. எனக்கோ கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த தொழிலே அதுதான். கவுண்டரில் உட்கார்ந்து பில் கிழிப்பதற்கா சுத்தியல் தூக்கக் கற்றேன்?

மறுநாள் காலையில் போனேன். புது ஆம்ப் கொண்டுபோய் மாற்றினேன். இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலதில் மாட்டினேன். வலதை இடதில் மாட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். உட்கார்ந்துவிட்டேன். வயர் மாற்றியாயிற்று, ஆம்ப் மாற்றியாயிற்று, ஸ்பீக்கர் மாற்றியாயிற்று. இன்னும் மாற்றாதது என்ன? அந்த நாற்காலி ஒன்றுதான். ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், எதிரொலி அடிக்கிறதோ என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். வேறு எதுவும் என் புத்திக்கு எட்டவில்லை.

"எம்மா ருகையா, நாற்காலியப் பின்னால திருப்பிப் போட்டு உக்காரச் சொல்லேன்."

திருப்பிப் போட்டார்கள். இந்த முறை வலது ஸ்பீக்கரைப் போட்டேன்.

"வலது பக்கமாம் அக்கா!" ருகையாவின் குரலில் அத்தனை சந்தோஷம்.

நானும் ஒரு நிமிடம் மகிழ்ந்துபோனேன். வலதைப் போட்டேன், வலது என்கிறார், முதல் தடவையாகச் சரியாக இருக்கிறது. சிலுவை போட்டுக்கொள்ளக் கை நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அவர் திரும்பியல்லவா உட்கார்ந்திருக்கிறார்? இப்போது வலது ஸ்பீக்கர் அவருக்கு இடது பக்கம் அல்லவா இருக்க வேண்டும்?

இடதைப் போட்டேன். "அதுவும் வலதாம்."

ஸ்பீக்கர் எங்கே இருந்தாலும், அவர் எப்படி உட்கார்ந்தாலும், வலது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணமே வரவில்லை. ஐயோ, ஏன் திருப்பச் சொன்னேன் என்றுதான் வந்தது.

மாப்பிள்ளையே கேட்டார். ருகையா சொல்லட்டும் என்று காத்திருக்காமல் என்னிடமே, திரை வழியாக: "அக்கா, இப்ப எந்த ஸ்பீக்கர் ஓடுது? முந்தி எது ஓடுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். எதிரொலிதான், நாற்காலியை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை மரியாதை, எனக்கு என் வேலை. உண்மையைச் சொன்னால் பெண்டாட்டி முன்னால் ஒரு மனிதனை உரித்து வைக்கிற மாதிரி. அவருடைய துபாய் வேலையும் என்ன ஆகுமோ. அங்கே குறையுள்ளவனை வைத்திருப்பார்களா? நான் யார் இதையெல்லாம் சொல்ல? வயர் இழுக்க வந்தவள். இன்றைக்கும் இந்த இடத்துக்கு வந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"முதல்ல உங்களுக்கு இடது பக்கத்துல இருந்தது ஓடுச்சு தம்பி. இப்ப வலது பக்கத்துல இருக்கது ஓடுது."

திரையின் ஓரம் காற்றில் விலகியது. அவர் வலது காதில் ஒரு விரலை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோதனைச் சத்தம் ஹால் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. ருகையா அவருக்கு இடது பக்கம் நின்று, "என்ன மச்சான்? என்ன பண்ணுறீங்க?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டாள். திரும்பவில்லை. பிறகு விரலை எடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, ஒங்க வயர்ல ஒரு கோளாறும் இல்ல. எங் காதுலதான். ஏரோப்ளேன்ல வந்தது, அடைச்சிக்கிட்டு ஈக்குதுன்னு நெனச்சேன்."

முன்பே தெரியுமா, தெரிந்தும் தெரியாதவர் மாதிரி இருந்தாரா, அதை நான் கேட்கவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னதாகக் கேள்வி. அவர் அந்த இடத்திலேயே கடைக்குப் போன் போட்டார். அண்ணாச்சியிடம் தெளிவாகச் சொன்னார். பிறகு போன் திரை வழியாக என் கைக்கு வந்தது.

"ஏளா அமலி, ஒட்டுப் போட்டது தப்புதான்" என்றார் அண்ணாச்சி.

"தப்புதான் அண்ணாச்சி."

"சாப்பிட்டியா?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. சாப்பிடவில்லை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. போனைக் கொடுக்கத் திரையை விலக்கினால், ருகையா நின்ற இடத்திலேயே நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. புருஷனுக்கு ஒரு காது போய்விட்டது என்று இப்போதுதான் தெரிகிறது, மயங்கி விழப்போகிறாள், பிடிக்க வேண்டும் என்று இரண்டடி முன்னால் வைத்தேன்.

அவள் விழவில்லை. சிரித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது, வாய் சிரிக்கிறது. "காதா?" என்றாள். "காதுதானா மச்சான்? நான் பேசுனது கேக்கலையா? அதான் திரும்பலையா? நான் என்ன தப்புப் பண்ணுனேன், யாரு என்ன சொன்னாங்கன்னு நாளும் பொழுதும் செத்துக்கிட்டு ஈக்குறேன். வெறும் காதுதானா? அல்லாவே, வெறும் காதுதானா?"

ஒரு மனிதனுக்குச் செவி போயிருக்கிறது, அவன் மனைவி சந்தோஷத்தில் அழுகிறாள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கையில் ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு போகவா நிற்கவா என்று விழித்தேன்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்த மறந்த சோதனைச் சத்தத்தில் அவள் உதடு அசைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும் போல. பக்கத்திலிருந்த நாற்காலியை வலது கையால் இழுத்துத் தன் வலது பக்கத்தில் போட்டார்.

"ஒண்ணும் கேக்கல ருகையா," என்றார். "இந்தப் பக்கம் வந்து மறுபடி சொல்லு."